முட்டைக்கோஸ் காளான் ஆன கதை

கோயம்புத்தூரில் பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டி முன்னால் நின்று "ஒரு காளானுங்கண்ணா" என்று கேட்டால், தட்டில் வருவதில் பெரும்பகுதி முட்டைக்கோஸ்தான். விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. வெளியூர்க்காரர்கள்தான் காளானைத் தேடித் தட்டைக் கிளறுவார்கள்.

இந்தப் பலகாரத்தின் பூர்வீகம் பம்பாய். அங்குள்ள கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் 1975-இல் சமையல் வேலை பார்த்தவர் நெல்சன் வாங், கல்கத்தாவில் பிறந்த சீனர். வழக்கமான பட்டியலில் இல்லாத எதையாவது செய்து கொடுங்கள் என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டாராம். வாங் கோழித்துண்டுகளைச் சோளமாவில் புரட்டிப் பொரித்தார். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் என்று நம் ஊர் முறையில் வதக்கத் தொடங்கியவர், கரம் மசாலா விழவேண்டிய நேரத்தில் சோயா சாஸை ஊற்றி, சோளமாவுக் கரைசலால் கெட்டியாக்கினார். அதுதான் சிக்கன் மஞ்சூரியன். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. சிக்கன் மஞ்சூரியன் வந்தால் சைவக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கோழியின் இடத்தில் காலிஃப்ளவர் வந்து உட்கார்ந்தது. கோபி மஞ்சூரியன் கல்யாணப் பந்தி வரைக்கும் போய்விட்டது.

நம் வண்டிக்காரர்கள் அதற்கு மேலும் ஒரு படி போனார்கள். காலிஃப்ளவர் என்றால் பூச்சி பார்க்கவேண்டும், வெந்நீரில் போட்டு எடுக்கவேண்டும், விலையும் ஒரு நிலையில் நிற்காது. முட்டைக்கோஸோ நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மூட்டை மூட்டையாக இறங்குகிறது. தாளவாடி மலையிலும் விளைகிறது. முட்டைக்கோஸ் நீலகிரி ஏறியதிலும் கோவைக்குப் பங்குண்டு. 1819-இல் மலையேறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன்தான் அங்கே சீமைக் காய்கறிகளைப் பயிராக்கினார். காளானுக்கும் இங்கே பஞ்சமில்லை, லாலி ரோட்டில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகமே அதை வளர்க்கப் பயிற்சி தருகிறது. ஆனால் வண்டிக்கடை விலைக்குக் காளானை மட்டுமே போட்டுக் கட்டுப்படியாகாது. பேருக்குக் கொஞ்சம் காளான், வயிற்றுக்கு முட்டைக்கோஸ்.

மசாலாவில்தான் பெரிய மாற்றம். வாங் ஒதுக்கிவைத்த கரம் மசாலாவை இவர்கள் மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள். கூடவே தக்காளியும் மிளகாய்த்தூளும். சோயா சாஸ் பல வண்டிகளில் பேருக்குக்கூட இல்லை. சீனத்தின் அடையாளமாக மிஞ்சியது சோளமாவு தரும் அந்த வழவழப்புதான். பெரிய தட்டைக் கல்லின் நடுவே குழம்பு கொதிக்க, பொரித்த துண்டுகள் ஓரத்தில் காத்திருக்கும். ஆள் கேட்டதும் நடுவில் தள்ளி, கரண்டியால் டக்டக்கென்று கொத்தி, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவிக் கொடுப்பார்கள். இந்தக் கொத்தல் மஞ்சூரியனில் கிடையாது. அது நம் கொத்துப் பரோட்டாக் கல்லின் பழக்கம் என்பது என் கணிப்பு.

வீட்டில் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளச் செய்வது சுலபம். முட்டைக்கோஸைப் பொடியாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் விடுங்கள். அதுவே தண்ணீர் விடும், தனியாக ஊற்றவேண்டாம். நறுக்கிய காளான் ஒரு கைப்பிடி, மைதா, சோளமாவு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது சேர்த்துப் பிசைந்து, கிள்ளிப் போட்டு மொறுமொறுப்பாகப் பொரியுங்கள். எண்ணெய் நன்றாகக் காயாவிட்டால் கோஸ் எண்ணெயைக் குடித்துவிடும். வெங்காயம், தக்காளி வதக்கி, தூள்கள் போட்டு, ஒரு ஸ்பூன் சோளமாவைக் கரைத்து ஊற்றிக் கொதித்ததும் பொரித்ததைப் போட்டுக் கொத்தி இறக்குங்கள். சாப்பிட உட்காரும்போது கலந்தால் போதும், முன்கூட்டியே கலந்தால் களியாகிவிடும்.

வண்டிக்கடைக் காளானின் செக்கச்சிவப்புக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை செய்தது. ருசிக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. காஷ்மீரி மிளகாய்த்தூள் தரும் சிவப்பு போதும். வண்டிக்கடையிலும் "கலர் போடாம குடுங்கண்ணா" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவரும் நிறுத்திவிடுவார்.