மானிப்பாய் வைத்தியரின் ஊழியம்

ஊழியம் என்றவுடன் நாம் பிரசங்க பீடத்தையே நினைக்கிறோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனெரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனோ, மானிப்பாயில் நோயாளரைப் பராமரித்ததோடு, அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலானவற்றைத் தமிழில் நூல்களாக்க உழைத்தார். ஒவ்வோர் உறுப்புக்கும் நோய்க்கும் ஏற்ற சொல்லைத் தேடி எழுதுவது, எவரும் பக்தியென்று மதியாத மேசை வேலை.

முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் போதித்தார். ஆங்கிலம் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி அகல்வர். தமிழில் கற்றோர் தம் கிராமத்தாரிடையே தங்குவர் என்பது அவர் எண்ணம். உத்தியோகக் கனவுடைய மாணாக்கருக்கு இது உவப்பாயிருந்திராது!

1873-இல் தாயகம் மீண்டும் மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. 1884-இல் மரித்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார். அக்கல்லறை அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் உள்ளது.