கொச்சி பேர் வாங்கிய புல்

தோப்பும்படியில் குடியிருந்தபோது மட்டாஞ்சேரிக் கடைகளில் 'புல்தைலம்' என்று காதில் விழும். ஏதோ கைவைத்தியச் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது!

மலையாளத்தில் இஞ்சிப்புல். தாவரவியலில் சிம்போபோகன் ஃப்ளெக்ஸுவோசஸ். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் தானாக வளரும் பல்லாண்டுப் புல். அறுத்தால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். மலைப்பக்கம் காய்ச்சிய தைலம் கொச்சியில் கப்பலேறியதால் உலகச் சந்தையில் அதன் பேர் 'கொச்சின் ஆயில்'. (உழைப்பு மலைக்காரர்களுடையது, பேர் துறைமுகத்துக்கு!)

தைலத்தில் பெரும்பங்கு சிட்ரால். 1893-ல் ஜெர்மனியில் டீமானும் க்ரூகரும் அதிலிருந்து வயலட் பூ மணக்கும் அயனோனைச் செய்தார்கள். 1947-ல் ஸ்விட்சர்லாந்தில் ஓட்டோ இஸ்லர் குழு அயனோனிலிருந்து வைட்டமின் ஏ செய்தது. நம்ம புல்லுக்கு யோகம்தான். 1951-ல் எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் வந்தது.

அப்புறம் சிட்ராலையே பெட்ரோலியப் பொருட்களிலிருந்து செய்யக் கற்றுக்கொண்டார்கள். தைலம் காய்ச்சிய அடுப்புகள் பல அணைந்தன. அந்தச் சரிவுகள் பலவற்றில் இன்று ரப்பர் நிற்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். இங்கே தாய்லாந்துக் கடையில் நாம் சூப்புக்கு வாங்கும் லெமன்கிராஸ் இந்தப் புல் இல்லை. அதன் பங்காளி, சிட்ரேட்டஸ். அது பூப்பதே அபூர்வம். நம்மூர்ப் புல் தாராளமாகப் பூக்கும்.