எட்டு மாத அரசனும் ஈழத்துச் சில்லறைக் காசும்

கி.பி. 363ஆம் ஆண்டு சூன் மாதத்தில் உரோமப் பேரரசன் யூலியன் பாரசீகப் போரிற் பட்டான். தலைவனை இழந்த படையினர் யோவியன் என்னும் மெய்காவற்படை அதிகாரியை மறுநாளே பேரரசனாக்கினர். நிசிபிசு நகரைப் பாரசீகருக்கு விட்டுக்கொடுத்துப் படையை மீட்டுவந்த யோவியன், 364 பெப்ரவரியில், கொன்சுதாந்திநோபிளை அடையுமுன்னே வழியில் இறந்தான். அவன் ஆட்சி எட்டு மாதமும் நிரம்பவில்லை.

அவனுடைய சிறு வெண்கலக் காசின் ஒரு புறத்தில் அவன் உருவம் இருக்கும். மறுபுறத்தில் மலர்வளையத்தினுள்ளே சில எழுத்துக்கள் காணப்படும். ஐந்தாண்டு ஆட்சிக்கு நேர்த்தி, பத்தாண்டு ஆட்சிக்கு வேண்டுதல் என்பது அவற்றின் கருத்து. நேர்ந்தவன் ஓராண்டும் காணவில்லை. நேர்த்தி பொறித்த காசோ பதினாறு நூற்றாண்டு கடந்தும் இருக்கின்றது.

இத்தகைய சில்லறைக் காசுகளின் வரலாறு ஈழத்தையும் தொட்டு நிற்கின்றது. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய உரோம வெண்கலக் காசுகள் இத்தீவில் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. 1924இல் வெளிவந்த கொட்றிங்டனின் இலங்கை நாணய நூல் இவற்றை ஆராய்கின்றது. பொற்காசு பெருவணிகத்துக்குரியது, சில்லறையோ அங்காடியில் அன்றாடம் கைமாறுவது. வந்த காசு போதாமையால், அவற்றைப் பார்த்து இங்கேயும் காசு செய்தனர் எனக் கருதுவர். அக்காசுகளில் இலத்தீன் எழுத்துக்கள் வெறும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் திரிந்துள்ளன. அரசன் பெயர் தெரியாவிடினும் அவை செல்லாக் காசாகவில்லை. கொள்வோரும் கொடுப்போரும் நம்பியதே அவற்றுக்குப் போதிய முத்திரையாயிற்று.

அக்கராயன் குளத்தை அடுத்த ஸ்கந்தபுரத்திலிருந்து தென்மேற்கே சென்றால், மன்னார்க் கரையில், அனுராதபுர அரசின் பெருந்துறையாயிருந்த மாதோட்டம் உள்ளது. வடக்கே பூநகரியிலும் பண்டைக் குடியிருப்புகளின் தடயங்கள் காணப்பட்டுள்ளன. இவற்றிடையே அமைந்த வன்னி நிலம் பழமையற்ற வெறுங்காடன்று. எனினும், 2009இல் முடிவுற்ற நீண்ட போரினால் இங்கே அகழாய்வுக்கு வாய்ப்பு அரிதாயிருந்தது.

ஆகவே, வயலைத் திருத்தும்போதோ கிணறு வெட்டும்போதோ பச்சைக் களிம்பேறிய சிறு காசு ஒன்று வெளிப்படுமாயின், அதனைப் புளியிட்டுத் துலக்குதலும் உருக்குதலும் தகா. துலக்கினால் எழுத்து அழியும். இடம் மாறினால் சான்று அழியும். எந்த மண்ணில், எவ்வளவு ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்பதே அதன் வரலாறு. அதனைக் கிடைத்தபடியே வைத்துத் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டமும் இதனையே வேண்டுகின்றது. எட்டு மாத அரசனை இன்றும் அறியச் செய்வது ஒரு சிறு காசாயின், பெயரறியா வன்னி மக்களின் பண்டை வாழ்வையும் அத்தகைய காசொன்று காட்டக்கூடும்.