பினாங்கில் பிள்ளைப்பேற்றைக் காத்தது யார்?

பினாங்கில் பிள்ளைப்பேறு உயிர்ப்பயமற்ற காரியமானதற்கு, ஜார்ஜ் டவுன் ரெசிடென்சி சாலையில் நிற்கும் பெரிய ஆஸ்பத்திரியைத்தான் பலரும் காட்டுவார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. 1950 வாக்கில் தீபகற்ப மலாயாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1990களில் அந்தக் கணக்கு ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. இந்த இறக்கத்தில் பெரும்பங்கு, கம்பத்துக்குள்ளேயே, அதாவது மலாய்க் கிராமத்துக்குள்ளேயே, குடியிருந்த அரசாங்க மருத்துவச்சிக்கு உரியது.

1950களில் வகுத்த கிராமச் சுகாதாரத் திட்டத்தின் கணக்கு எளிமையானது. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு தலைமை நிலையம், அதன்கீழ் நான்கு துணை நிலையங்கள், இரண்டாயிரம் பேருக்கு ஒருத்தி என்று மருத்துவச்சிகள். மருத்துவச்சிக்கு வீடும் கம்பத்திலேயே. அதற்கு முன்பிருந்தே கம்பங்களில் பீடான்கள் என்ற நாட்டு மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்து வந்தார்கள். மூங்கில் சிம்பால் தொப்புள்கொடியை அறுக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. அந்தக் காயத்தின் வழியே ஏறிய ரணஜன்னியில், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளையின் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் போகும். கொதிக்கவைத்த கத்தரிக்கோலும் சுத்தமான நூலும் தடுத்த சாவு அது. ஆனாலும் அரசு பீடான்களை விரட்டிவிடவில்லை. 1966ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம், பதிந்துகொண்டவர்கள் தொழிலைத் தொடர இடம் கொடுத்தது. சுத்தம் கற்றுக்கொடுத்து, ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்கள். காலப்போக்கில் பிரசவம் அரசாங்க மருத்துவச்சியின் கைக்கு வந்தது. உருவிவிடுவதும் சூடான கல் ஒத்தடமும் வயிற்றுக்கட்டும் பீடானிடமே நின்றன. மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பேன்.

பெனிசிலினும் இரத்த வங்கியும் மலேரியா ஒழிப்பும் தார்ச்சாலையும் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்காது. ஆனால் பிரசவத்துக்குப் பின் இரத்தம் பெருகும்போது, இது ஆபத்து என்று கண்டு வண்டிக்குச் சொல்லி அனுப்ப பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். நாட்டில் பணம் பெருகியதுதான் காரணம் என்பாரும் உண்டு. ஆனால் உலக வங்கி 2003இல் வெளியிட்ட ஆய்வு, தாய்மார் சாவைக் குறைத்த நாடுகளாக மலேசியாவையும் அதைவிட வருமானம் குறைந்த இலங்கையையும் ஒன்றாக வைத்தே பேசியது. இரண்டு நாடுகளிலும் பொதுவாக இருந்தவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், நம் தோட்டத்துப் பெண்களுக்கு இந்த மருத்துவச்சி எங்கே வந்தாள் என்பது. செபராங் பிறையின் ரப்பர் தோட்டங்கள் தனியார் நிலம். அங்கே சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. பெரும்பாலும் கிடைத்தது ஒரு டிரெஸ்ஸரும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப்போடுவதும் டிரெஸ்ஸரின் வேலை. நள்ளிரவில் வலி எடுத்தால் லயத்து வீட்டுப் பெண்கள் கூப்பிட்டது, கைப்பழக்கம் உள்ள ஒரு பாட்டியைத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கம்பத்துக்குக் கிடைத்தது இந்தப் பக்கம் கிடைக்காமல் போனது பெரும் அநீதி. அந்தப் பாட்டிகளின் பெயர்கள் பெரும்பாலும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறவில்லை. அவர்கள் கையில் பிறந்தவர்கள் பட்டர்வொர்த்திலும் நிபோங் திபாலிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டிய வேலையை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.