அறிந்த நாளும் வாழ்ந்த நாளும்: திருமணத்தைச் செல்லாததாக்கும் சட்டத்தில் ஒரு முரண்

1956 ஏப்ரலில் ஒரு பெண்ணின் தந்தை மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். வெயில் தாக்கியதில் மகளின் மனநிலை சிறிது காலம் பாதிக்கப்பட்டிருந்தது என்று முதல் கடிதம் சொன்னது. மூளை மலேரியாவும் ஒரு காரணம் என்று இரண்டாவது கடிதம் சேர்த்துக்கொண்டது. ஏரவாடா மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக் குணமாகிவிட்டாள். வேண்டுமானால் அங்குள்ள மருத்துவர்களையோ, உறவினரான இன்னொரு மருத்துவரையோ கேட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். உறவினரான மருத்துவரைக் கேட்டார்கள். அவர் கடிதத்தில் உள்ளது சரி என்றார். ஏரவாடா வரை யாரும் போகவில்லை. மே 13-இல் கல்யாணம் நடந்தது.

1962 பிப்ரவரியில் கணவர் பூனா சிவில் நீதிமன்றத்தின் படியேறினார். மூன்று கோரிக்கைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார்: உண்மையான நோயை மறைத்து மோசடியாகச் சம்மதம் பெற்றதால் திருமணத்தைச் செல்லாததாக்க வேண்டும், இல்லையென்றால் மனநிலை பிறழ்வின் பேரில் மணமுறிவு வேண்டும், அதுவும் இல்லையென்றால் கொடுமையின் பேரில் நீதிமன்றப் பிரிவாவது வேண்டும். விசாரணை நீதிமன்றம் முதல் இரண்டையும் தள்ளி, மூன்றாவதைத் தந்தது. மேல்முறையீட்டில் மாவட்ட நீதிமன்றம் அதையும் பறித்தது. 1969-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 1975 மார்ச் 19-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதிய தீர்ப்போடு வழக்கு முடிந்தது. பதின்மூன்று ஆண்டு வழக்காடிய பிறகும் சட்டத்தின் கண்ணில் இருவரும் கணவன் மனைவியாகவே இருந்தார்கள்.

தாஸ்தானே வழக்கு என்ற பெயரில் சட்ட மாணவர்கள் இதைப் படிப்பது வேறொன்றுக்காக: மண வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்கக்கூடும் என்ற நிகழ்தகவே போதும் என்ற விதிக்காக. நான் இதை எடுத்துக்கொள்வது, ‘தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்தாய் அல்லவா?’ என்று சட்டம் கேட்கும் கேள்விக்காக. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 12(2)(அ)-வில் அந்தக் கேள்வி ஒரு தடையாகவே நிற்கிறது. குடும்பத்தைக் காப்பாற்ற முயன்றவரையே தண்டிக்கும் தடை அது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அடிப்படை வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிவு 11-இன் கீழ் வரும் திருமணம் தொடக்கம் முதலே செல்லாதது: முதல் மணத் துணை உயிரோடிருக்க நடந்த இரண்டாவது கல்யாணம், தடை செய்யப்பட்ட உறவுக்குள் நடந்தது, பொது மூதாதை வழியில் சில தலைமுறைக்குள் வரும் சபிண்ட உறவுக்குள் நடந்தது. (அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் தமிழர்களைக் காப்பது, இரு தரப்புக்கும் பொதுவான வழக்காறு இருந்தால் தடையில்லை என்ற விதிவிலக்கு.) பிரிவு 12-இன் கீழ் வருவது, பாதிக்கப்பட்டவர் கேட்டால் மட்டுமே செல்லாததாகும் திருமணம். ஆண்மைக் குறைவு போன்ற இயலாமையால் உடலுறவு நிகழாமை, செல்லத்தக்க சம்மதம் தர இயலாத மனநிலை, வற்புறுத்தல் அல்லது மோசடி, மணநாளில் மணமகள் வேறொருவரால் கருவுற்றிருந்தமை ஆகிய நான்கும் அதற்குக் காரணங்கள். குழந்தைத் திருமணத்துக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. வயது நிறைந்த பின் இரண்டு ஆண்டுக்குள் அந்த வழியில் போகலாம்.

நான்கில் சிக்கலானது மோசடி. 1955-இல் சட்டம் அந்தச் சொல்லை விளக்கமின்றி விட்டிருந்தது. தஃப்தர்தார் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், மணமகளுக்கு வலிப்பு நோய் இருந்ததை மறைத்தது மோசடி ஆகாது என்றது. சடங்கு எப்படிப்பட்டது, எதிரே நிற்பவர் யார் என்பதில் ஏமாற்றியிருந்தால்தான் மோசடி என்பது அதன் பார்வை. ‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்ற பழமொழியை, ‘ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி’ என்பதன் திரிபு என்று சிலர் திருத்திப் பார்ப்பதுண்டு. 1976-க்கு முந்தைய மோசடிச் சட்டத்துக்கு அந்தத் திருத்தம் தேவைப்பட்டிருக்காது.

1976-இன் 68-ஆம் சட்டம் இதை மாற்றியது. சடங்கின் தன்மை குறித்தோ, எதிர்த் தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மை அல்லது சூழ்நிலை குறித்தோ செய்யப்படும் மோசடி என்று பிரிவு 12(1)(இ) விரிந்தது. முந்தைய திருமணம், நோய், மறைத்த வேலை, மறைத்த வயது எல்லாம் வாதத்துக்குரியவை ஆயின. வாசலை அகலமாக்கியவர்கள் தாழ்ப்பாளை மட்டும் தொடவில்லை. 12(2)(அ) முன்பு சொன்னதையே சொல்கிறது: மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு வர வேண்டும், தெரிந்த பிறகு முழுச் சம்மதத்தோடு கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் மனுவே கிடையாது. இந்த ஓராண்டைத் தளர்த்த நீதிபதிக்கும் வழியில்லை, கால வரம்புச் சட்டத்தின் பிரிவு 29(3) திருமண வழக்குகளை அச்சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது.

பிரிவு 14-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கல்யாணமாகி ஓராண்டு ஆகாமல் மணமுறிவு மனு போட முடியாது. மனுதாரருக்கு அசாதாரணத் துன்பமோ எதிர்த் தரப்பிடம் அசாதாரண ஒழுக்கக்கேடோ இருந்தால்தான் விலக்கு. ஆக, முதல் வாரத்திலேயே ஏமாற்றம் தெரிந்துவிட்ட ஒருவருக்கு மணமுறிவுக் கதவு திறப்பதற்குள், செல்லாததாக்கும் கதவு ஏறக்குறைய மூடிவிடும். பொறுத்துப் பார் என்று ஒரு பிரிவு சொல்கிறது, பொறுத்தால் போச்சு என்று இன்னொன்று சொல்கிறது.

தாஸ்தானே தீர்ப்பில் இந்த மனப்போக்கின் உடன்பிறப்பைப் பார்க்கலாம். மனைவியின் நடத்தை கொடுமைதான் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1961 பிப்ரவரி 27-இல் பிரிந்த தம்பதிக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. கொடுமைக்கு நடுவிலும் தாம்பத்தியம் தொடர்ந்திருக்கிறது, ஆகவே கணவர் அதைப் பொறுத்து மன்னித்துவிட்டார் என்று பிரிவு 23(1)(ஆ)-வின் கீழ் முறையீடு தள்ளுபடியானது. ஒரே வீட்டில் வாழ்வதும் குழந்தை பிறப்பதும் மன்னிப்பின் சான்று என்ற கருத்து, மன்னிப்பு என்ற சொல்லே இல்லாத 12(2)(அ)-வில் இன்னும் கடுமையாக வேலை செய்கிறது.

புனே சிவாஜிநகர் குடும்பநல நீதிமன்றத்துக்கு இன்று வரும் ஒரு மனுவை நினைத்துப் பார்ப்போம். பெண் ஹிஞ்சவாடியில் மென்பொருள் வேலை பார்ப்பவர். கல்யாணம் மதுரையில் நடந்தது. பிரிவு 19-இன்படி மதுரையிலும் போடலாம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த புனேயிலும் போடலாம். மனைவி என்பதால் தாம் இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின்படி வழக்கறிஞர் உரிமையாக வர முடியாது, அனுமதி வேண்டும். மருத்துவச் சோதனைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது 2003-இல் சாரதா எதிர் தரம்பால் வழக்கில் உறுதியானது. மறுத்தால் மறுத்தவருக்கு எதிராக அனுமானிக்கலாம். மனுவில் பிழைப்பதும் சாவதும் ஒரு பத்தி: ‘இந்த உண்மை எனக்கு இன்ன தேதியில், இன்ன வழியில் தெரிந்தது.’ அலமாரியில் மாத்திரைப் பட்டையைப் பார்த்த நாளா, கணவர் ஒப்புக்கொண்ட நாளா, மருத்துவக் கோப்பு கைக்கு வந்த நாளா? ஐயப்பட்ட நாளையே அறிந்த நாளாக எடுத்துக்கொண்டால் ஓராண்டு கரைந்திருக்கும். எதிர்த் தரப்பின் குறுக்கு விசாரணை அந்தத் தேதியைத்தான் குறிவைக்கும்.

சட்டத்தின் இரட்டை நாக்கு அடுத்த கட்டத்தில் வெளிப்படுகிறது. குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் பிரிவு 9, திருமணச் சட்டத்தின் பிரிவு 23(2) இரண்டும் தம்பதியைச் சேர்த்துவைக்க முயல வேண்டிய கடமையை நீதிமன்றத்தின் மேல் வைக்கின்றன. ஆலோசகர் சொன்னாரே என்று இரண்டு மாதம் சேர்ந்து இருந்து பார்த்துத் தோற்றவர் மறுபடி வந்தால்? ‘தெரிந்த பிறகு வாழ்ந்தாய்’ என்ற வாதத்தை 12(2)(அ)-வின் எழுத்து தடுக்கவில்லை. மனுவுக்கு முன், மனுவுக்குப் பின் என்ற பிரிப்பே அதில் இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு. செல்லாததாக்கும் உரிமையைத் தலைக்குமேல் கத்தியாகத் தொங்கவிட்டுக்கொண்டே ஒருவர் ஆண்டுக்கணக்கில் குடும்பம் நடத்தலாமா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். சிகிச்சை பெற்றுத் தேறிய ஒரு பெண்ணின் பழைய மருத்துவச் சீட்டு என்றைக்கும் ஆயுதமாகக் கிடக்கக் கூடாது. அதனால்தான் ஓராண்டு வரம்பை எடுத்துவிட நான் சொல்லவில்லை. அந்த 1956 கடிதங்கள் தரும் பாடமும் நிற்க வேண்டும்: சொல்லப்பட்டவர், விசாரிக்க வாய்ப்பிருந்தும் விசாரிக்காதவர், பிறகு மோசடி என்று கூவ முடியாது.

செல்லாததாக்கப்பட்டது ‘நடக்காத திருமணம்’ என்ற கற்பனையும் முன்போல் முழுமையாக இல்லை. பிரிவு 16 அத்தகைய மணத்தில் பிறந்த பிள்ளைகளை முறைப்படி பிறந்தவர்களாகவே கொள்கிறது. பெற்றோரின் பங்கில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023-இல் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. செல்லாத மணத்தின் மனைவியை ‘சட்டவிரோத மனைவி’, ‘விசுவாசமான ஆசைநாயகி’ என்றெல்லாம் எழுதியிருந்த பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வின் சொற்களை 2025 பிப்ரவரி 12-இல் சுக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பிரிவு 25-இன்படி நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம் என்றும் சொன்னது. விளைவுகளில் மணமுறிவுக்கு இவ்வளவு நெருங்கிவிட்ட ஒரு தீர்வுக்கு நுழைவு மட்டும் ஏன் இத்தனை குறுகல்?

நீதிமன்றங்கள் மனம் வைத்தால் நெகிழ முடியும். 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, பதினேழே நாள் சேர்ந்திருந்த இளம் தம்பதியின் திருமணத்தை, குறிப்பிட்ட துணையிடம் மட்டும் ஏற்படும் இயலாமை என்ற காரணத்தின் பேரில் செல்லாததாக்கியது. குடும்பநல நீதிமன்றம் நிராகரித்த வேண்டுகோள் அது. ஆனால் அவர்கள் இருவரும் ஒரே குரலில் பேசினார்கள். ஒருவர் ஏமாற்றி மற்றவர் ஏமாந்த இடத்தில் அந்த ஒரே குரல் கிடைக்காது.

12(2)(அ)(ii)-இன் அடியில் ஒரு விளக்கக் குறிப்பைச் சேர்த்தால் போதும்: இணங்கி வாழும் முயற்சியாக, அறிந்த நாளிலிருந்து ஓராண்டு எல்லைக்குள்ளோ, நீதிமன்ற ஆலோசனையின்பேரிலோ சேர்ந்து வாழ்ந்தது முழுச் சம்மதமாகக் கொள்ளப்படாது. எழுபது ஆண்டாகியும் அந்த உட்பிரிவில் நாடாளுமன்றம் கைவைக்கவில்லை.