தோட்டத்துத் திருவிழாவும் தொழிலாளர் ஒருமையும்

மலாயாவின் பால்மரத் தோட்டங்களைக் குறித்து எழுதப்பெற்ற வரலாறுகள் பாலின் எடையையும் பங்கின் விலையையும் கூலியின் காசையும் கணக்கிட்டுக் காட்டுவதில் குறை வைத்ததில்லை. ஆனால், ஆண்டுக்கொரு முறை அத்தோட்டங்களில் வெட்டுக்கத்தி ஓய்ந்திருந்த இரண்டொரு நாள்களைப் பற்றி அவை மிகுதியாகப் பேசுவதில்லை. திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் வந்து, ஒருவர் ஊரை மற்றவர் அறியாதவராய் லயங்களில் அடைந்து கிடந்த மக்கள் தம்மை ஒரே ஊராராக உணர்ந்தது பெரும்பாலும் அந்நாள்களில்தான். அவ்வுணர்வை வளர்த்ததில் கம்பெனிக்கும் பங்கு உண்டு. தொழிலாளருக்கும் பங்கு உண்டு. எவர் பங்கு எவ்வளவு என்பதே ஆராயத்தக்கது.

1896ஆம் ஆண்டு மலாக்காவில் தான் சாய் யான் பால்மரத்தை வணிக அளவில் பயிரிட்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிமுறை இருந்தது. அம்முறையில் ஆள் ஓடினால் பிடித்துவரச் சட்டம் துணை நின்றது. 1910இல் அது ஒழிக்கப்பட்ட பின்னர், கங்காணி தன் ஊருக்குச் சென்று ஆள் திரட்டி வரும் முறையே ஓங்கியது. சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எவரும் தோட்டத்தை விட்டு வெளியேறலாம் என்ற நிலை வந்தது. கடனும் அச்சமும் பலரைக் கட்டிப்போட்டன என்பது வேறு செய்தி. ஆயினும், ஆளைத் தக்கவைத்துக்கொள்ளும் கவலை துரைமார்களுக்குப் பிறந்தது அப்போதுதான். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு காசு கூடக் கிடைத்தால் ஒரு லயமே காலியாகிவிடக்கூடும். கோயில் உள்ள தோட்டத்தில் கூலிகள் தங்குவார்கள் என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். மாரியம்மனுக்கு ஒரு துண்டு நிலமும், கொட்டகைக்குச் சில பலகைகளும், திருவிழாவுக்கு விடுப்பும் அளிப்பது கூலியை உயர்த்துவதைவிட மலிவானது. பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு விடுப்பு எளிதாகக் கிடைத்ததில் இன்னொரு கணக்கும் உண்டு. பால்மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பருவம் அதை ஒட்டியே வருவதால் பால் குறைந்திருக்கும். வேலை நின்றாலும் கம்பெனிக்குப் பெரிய நட்டமில்லை.

கம்பெனி கொடுத்தது இவ்வளவுதான். திருவிழாவை நடத்தியவர்கள் தொழிலாளர்கள். மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு சிறு தொகையோ, ஆண்டுக்கு ஒரு நாள் கூலியோ கோயில் வரியாகக் கிராணியின் செக்ரோலிலேயே பிடிக்கப்பட்டது. துரை நன்கொடை என்று ஒரு தொகை தந்தார். விழாவின்போது அவருடைய தொகைதான் ஒலிபெருக்கியில் முதலில் முழங்கியது. இந்நாட்டில் இன்றும் நின்றபாடில்லாத வழக்கம் அது! கூட்டிப் பார்த்தால், லயத்து மக்கள் காசு காசாகக் கொடுத்ததே பெருந்தொகையாக இருக்கும்.

காசைவிடப் பெரிது உழைப்பு. காப்புக் கட்டிய நாள் முதல் தோட்டத்தில் வேலையற்றவர் என்று எவரும் இருப்பதில்லை. பந்தல் போட ஒரு கூட்டம் மூங்கில் வெட்டப் போகும். தென்னங்குருத்தில் தோரணம் பின்ன ஒரு கூட்டம் அமரும். பெண்கள் இரவெல்லாம் மாவிடித்து, இடையே கும்மிக்குத் தாளம் பழகுவர். இரதம் என்பது பல இடங்களில் மாட்டு வண்டியாகவோ, பிற்காலத்தில் பால் ஏற்றும் லோரியாகவோதான் இருந்தது. அதைக் கழுவித் துடைத்து, வண்ணத்தாளும் விளக்கும் கட்டி அம்மன் தேராக்கியவர்கள் தோட்டத்துத் தச்சரும் இயந்திரப் பழுதுபார்ப்பவருமே. பறை அடிப்பவர், கரகம் எடுப்பவர், தீமிதிக் குழிக்குக் கட்டை அடுக்குபவர், சமையல் அண்டாவைக் காவல் காப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. ஆண்டு முழுவதும் செக்ரோலில் ஓர் எண்ணாக இருந்தவன் அந்த மூன்று நாளில் ஒரு பெயரைப் பெற்றான். ‘கரகக்காரர் வீடு’, ‘உடுக்கைக்காரர் பிள்ளை’ என்று லயத்தில் வழங்கும் அடையாளங்கள் அப்படிப் பிறந்தவையே. தன் கைபட்ட விழா என்பதே அவனை அதனுடன் பிணைத்தது.

ஆயினும் அவ்வொருமையை மிகைப்படுத்துதல் தகாது. முதல் மரியாதை யாருக்கு என்ற வினா பெரிய கங்காணிக்கும் பெரிய கிராணிக்கும் இடையே பலமுறை பகையை மூட்டியுள்ளது. சாதிக்கொரு லயம் என்று குடியிருப்பைப் பிரித்த தோட்டங்களில் திருவிழாவும் பிரிந்தே கிடந்தது. தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்கு வெளியே நின்று பறையடித்தனர். சில இடங்களில் அவர்கள் தமக்கெனத் தனியே ஒரு முனியாண்டியை வைத்துக்கொண்டனர். சாமி ஊர்வலம் லயங்களுக்கு முன்பாகவே துரையின் பங்களா வாயிலில் நிறுத்தப்பட்டதும், அங்கே துரைக்கும் துரைசானிக்கும் மாலை சூட்டப்பட்டதும் பல தோட்டங்களில் வழக்கம். தெய்வமே துரையைத் தேடிச் சென்ற காட்சியைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைத் தனியாக எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வருகை தந்ததை ஒட்டிப் பரவிய சீர்திருத்தக் கருத்துகள், உயிர்ப்பலியையும் அலகு குத்துதலையும் சாதிப் பிரிவினையையும் தாக்கிய வேகத்தில் திருவிழாவையே ஐயுற்றன. அதில் நியாயம் இருந்தது. ஆனால், ஆட்டை வெட்டாதே என்று சொல்வது எளிது. அந்த ஆட்டைச் சுற்றிக் கூடிய கூட்டத்தை வேறெங்கே கூட்டுவது என்ற வினாவுக்கு உடனே விடை கிடைக்கவில்லை.

கம்பெனியின் இன்னொரு கொடை கள்ளுக்கடை. தோட்டத்துக் கள்ளுக்கடையில் வந்த இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது விதி. பந்து வாங்கவும், திடலைச் சமன்படுத்தவும், விழாச் செலவுக்கும் அந்நிதி பயன்பட்டது. தந்தை மாலையில் குடித்த கள்ளின் காசு மறுநாள் மகன் உதைத்த பந்தாயிற்று! 1936இல் இந்திய அரசின் சார்பில் மலாயாத் தொழிலாளர் நிலையை ஆராய வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் கண்ட சிக்கல்களில் கள்ளும் ஒன்று. விழாவின் வெளிச்சத்தைப் பேசுவோர் அந்த வெளிச்சத்துக்கு எண்ணெய் வந்த வழியையும் பேசுதல் வேண்டும்.

தோட்டத்து ஆசிரியரின் பணியை இங்கே குறிப்பிடாமல் விடுதல் கூடாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அமைந்தவை பெரும்பாலும் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமே. அவ்வாசிரியரே திருவிழா அழைப்பிதழை எழுதினார். ‘அரிச்சந்திரா’ நாடகத்துக்கு வசனம் சொல்லிக் கொடுத்தார். வரவு செலவுக் கணக்கையும் எழுதினார். வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த லயத்தில், அவர் அக்கணக்கை உரக்கப் படித்த இரவு சிறிய செய்தியன்று. தம் காசு எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமையைத் தொழிலாளர் முதன்முதலாகப் பயன்படுத்தியது கம்பெனியின் அலுவலகத்தில் அல்ல, கோயில் முன்றிலில். தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற சொற்கள் தொழிற்சங்கத்துக்கு முன்பே கோயில் நிருவாகக் குழுவின் வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டன.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தை இந்தக் கண்கொண்டு பார்த்தால் சில செய்திகள் தெளிவாகும். ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு ஒன்று மட்டும் இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடத்தல் கூடாது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்பனவும் இருந்தன. இறுதிக் கோரிக்கை நின்று நோக்கத்தக்கது. தோட்டம் தனியார் நிலம். வெளியார் நுழைவதற்கு இசைவு வேண்டும். திருவிழாவன்றுதான் அந்த வாயில் எல்லாருக்கும் திறந்திருந்தது. அடுத்த தோட்டத்து மாமனும் மைத்துனனும் வந்தனர், பெண் பார்த்தனர், கூலி நிலவரத்தையும் பேசிக்கொண்டனர். ஆண்டுக்கு மூன்று நாள் கிடைத்ததை ஆண்டு முழுவதும் கேட்டார்கள் என்று கொள்வதில் தவறில்லை. அரசு படையை அழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆண்டுதோறும் பந்தலுக்கு இசைவளித்ததால் தொழிலாளர் மனநிறைவோடு இருப்பதாக எண்ணிய துரைமார்களுக்கு அந்த மே மாதம் பெரும் அதிர்ச்சி.

போருக்குப் பின்னர் கெடாவில் தோன்றிய தொண்டர் படை, கள்ளுக்கு எதிராகத் தோட்ட இளைஞர்களை அணிவகுக்கச் செய்தது. 1952இல் கோ. சாரங்கபாணி அவர்கள் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழர் திருநாள் மலாயாவிலும் பரவியது. சாதியும் உயிர்ப்பலியும் இல்லாத ஒரு கூடல் கிடைத்தது. தோட்டப் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்கும் கோலப் போட்டிக்கும் அதுவே களமாயிற்று. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, கூட்டம் கூட்டவும் சந்தா பிரிக்கவும் பழகிய கைகள் தோட்டங்களில் முன்பே இருந்தன.

பிறகு தோட்டங்களே உடையத் தொடங்கின. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஆங்கிலேயக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாக்கப்பட்டன. புதிய உடைமையாளருக்குப் பழைய லயம் தேவைப்படவில்லை. மூன்று தலைமுறை கோயில் வரி கொடுத்தவருக்கு அக்கோயில் நின்ற மண்ணில் ஓரடியும் உரிமையில்லை என்பது அன்றுதான் உறைத்தது. நிலத்தைத் தந்த துரை அதற்கு எழுத்து எதையும் தந்திருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்கவுமில்லை. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது அந்த உறைப்பின் விளைவே எனலாம். திருவிழாவுக்குக் காசு சேர்த்த மக்கள் தோட்டத்துக்கே காசு சேர்த்தனர்.

எழுபதுகளில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் போன்ற இடங்களில் மின்னணு ஆலைகள் எழுந்தபோது, தோட்டத்துப் பெண்கள் பலர் அங்கே சென்றனர். அவ்வாலைகளும் விளையாட்டுப் போட்டி, பாட்டுப் போட்டி, அழகுப் போட்டி, ஆண்டு விருந்து என்று ஓயாமல் விழா எடுத்தன. ஆனால், அத்தொழிலாளர் நாடளாவிய சங்கம் அமைக்க நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. விருந்தில் உணவு தோட்டத்து அன்னதானத்தைவிட உயர்வாகவே இருந்திருக்கும். அண்டாவைக் காவல் காக்கும் வேலைதான் எவருக்கும் இல்லை. பரிசு வாங்கிய பெண் கைதட்டலோடு இருக்கைக்குத் திரும்பினாள். செலவுக் கணக்கைப் படித்துக் காட்டும் இரவு அங்கே வரவில்லை.

இன்று பால்மரம் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. லயங்கள் இடிந்து, பள்ளிகள் பெயர்ந்துவிட்ட சில தோட்டங்களில் கோயில் மட்டும் எஞ்சியிருக்கிறது. நகரங்களில் அடுக்குமாடிகளில் வாழும் பழைய தோட்டத்து மக்களும் அவர்தம் பேரப்பிள்ளைகளும் திருவிழாவன்று வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள். விடுப்பளிக்கத் துரை இல்லை. வரி பிடிக்கச் செக்ரோலும் இல்லை. முதியவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு பந்தல் வாயிலில் அமர்ந்து, வருவோரிடம் பெயரையும் பழைய லயத்தின் எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு, நன்கொடைக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார்.