கோளுண்ணியும் தூதனும்: ஒரு விண்வெளிச் சித்திரக்கதையின் உற்பத்தி வரலாறு

விண்வெளிச் சாகசச் சித்திரக்கதைகளைச் சிறுவர் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுவோர், 1966இல் அமெரிக்க மார்வல் நிறுவனம் வெளியிட்ட 'ஃபன்ரஸ்ரிக் ஃபோர்' 48 முதல் 50 வரையான இதழ்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். அவற்றில் வரும் கலக்ரஸ் கொடியவன் அல்லன், பசித்தவன். கோள்களின் ஆற்றலை உண்டே உயிர்வாழ்கிறான்; உண்ணப்படுவோர்மீது அவனுக்குப் பகையில்லை. மூலதனத்தின் இயல்பை இத்துணைத் தெளிவாகக் காட்டிய வெகுசனப் படைப்புகள் சிலவே. (படைத்தோர் அவ்வாறு கருதினர் என நாம் வாதிடவில்லை.)

அவனுக்கு இரைதேடும் தூதனான சில்வர் சேர்ஃபர், ஓவியர் ஜக் கேர்பியின் தனிக் கற்பனை. தாம் பேசிய கதைக்கருவில் இல்லாத அப்பாத்திரத்தை வரைந்த பக்கங்களிலேயே முதன்முதல் கண்டதாக ஸ்ரான் லீயே கூறியுள்ளார். 'மார்வல் முறை' எனப்பட்ட அவ்வுற்பத்தியில் ஓவியரே கதையையும் நகர்த்தினார். ஊதியமோ பக்கக் கணக்கில்.

1968இல் தூதனுக்குத் தனியிதழ் தொடங்கியபோது, அவனது பூர்வகதையை லீ எழுத, ஜோன் புசேமா வரைந்தார். தன் கோளைக் காக்கத் தன்னையே ஒப்படைத்த துயரநாயகனானான் அவன். சுரண்டலின் ஏவலாள் இவ்வாறு தியாகியாகத் தூய்மைப்படுத்தப்பட்டான். கேர்பியின் தூதனோ முன்வரலாறு அற்றவன். பார்வையற்ற சிற்பி அலிசியாவிடமே மனிதரின் மதிப்பை அறிந்தவன். முன்னைய வடிவமே ஆழமானது என்பது நம் துணிபு.

1970இல், 18 இதழ்களோடு தனியிதழ் நின்றது. இறுதி இதழைக் கேர்பியே வரைந்தார். அவ்வாண்டிலேயே மார்வலை விட்டும் நீங்கினார். தம் மூல ஓவியப் பக்கங்களுள் ஒரு பகுதியை மீளப் பெற அவர் 1987 வரை போராட வேண்டியிருந்தது.